புலாவ் உபினில் இரண்டு சம்பந்தியம்மாக்களும் ஒரு சைக்கிளும்

கதிர், இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி. சைக்கிள் மேல் உட்கார்ந்து அல்ல, நாற்காலியில். வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கலாம். ஆனால் நான் அனுப்பும் நீளமான செய்திகளுக்கு நீ கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டுப் படிக்காமல் விடுவது எனக்குத் தெரியும். தாளுக்கு அப்படிச் செய்ய முடியாது. முப்பது வருடம் கிளினிக் கவுன்டரில் மருந்துப் பைகள் மேல் ‘சாப்பாட்டுக்குப் பின்’ என்று எழுதிய கை இது. இவ்வளவு நீளமாக எழுதி வெகுகாலம் ஆகிறது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உனக்குக் கல்யாணம். அதற்கு மறுவாரம் நீயும் மைதிலியும் புக்கிட் பாஞ்சாங் வீட்டுக்குப் போய்விடுவீர்கள். அந்த வீட்டை ஏன் எடுத்தீர்கள் என்று உறவினர்கள் கேட்டபோது, எம்ஆர்டி ரயில் பக்கம், கடை பக்கம் என்று நான் சொல்லி வைத்தேன். உண்மையான காரணம் எனக்குத் தெரியும். பழைய ரயில் பாதையின் சரளைக்கல் தடம் அடுக்குமாடி புளோக்கிலிருந்து இறங்கினால் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அரசாங்கம் இவ்வளவு சிரமப்பட்டு ஊர் முழுக்கத் தார் போட்டு வைத்திருக்க, தார் போடாத இடம் எங்கே எங்கே என்று தேடி அலைகிற பிள்ளை எனக்கு வாய்த்திருக்கிறது. விடியற்காலையில் எழுந்து கிராஞ்சிப் பண்ணைகளுக்கு நடுவே எங்கோ ஒரு மண்பாதையில் போய்விட்டு, முழங்கால் வரை செம்மண்ணோடு வந்து, போன் வரைபடத்தில் ஒரு கோட்டைக் காட்டி, “பாருங்கமா, இன்னிக்கு முழுக்க கிராவல்” என்பாய். எனக்குத் தெரிந்ததெல்லாம் நீ மிதித்துக்கொண்டு வந்த பாதையில் பாதியை நான் கூடத்தில் துடைத்து எடுக்கிறேன் என்பதுதான். ரோட்டு சைக்கிளும் இல்லை, மலை சைக்கிளும் இல்லை, ரெண்டுங்கெட்டான் சைக்கிள் ஒன்று சாமி மாடத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஐந்து வருடமாக என்னோடு விபூதி பூசிக்கொள்கிறது.

உனக்கு நான் சொல்ல வேண்டியவை இரண்டு. இரண்டும் சைக்கிள் சம்பந்தப்பட்டவை, இரண்டிலும் தப்பு என் பக்கம். சின்னதை முதலில் சொல்கிறேன். சின்னது என்று நான் சொல்கிறேன், நீ என்ன நினைப்பாயோ தெரியாது.

உனக்கு எட்டு வயதில் ஒரு நீலச் சைக்கிள் இருந்தது. தோ பாயோவில் நம் புளோக்குக்கு எதிரே இருக்கிற கார்ப்பார்க்கின் சரிவில் அதை ஓட்டிக்கொண்டு வந்து தூணில் மோதி, தாடையில் மூன்று தையல் போட்டுக்கொண்டாய். தையல் பிரித்த வாரம் அந்தச் சைக்கிள் காணாமல் போனது. யாரோ திருடிவிட்டார்கள் என்று நாம் எல்லோரும் வருத்தப்பட்டோம். கதிர், அதை யாரும் திருடவில்லை. பழைய சாமான் எடுக்க வரும் காராங்குனிக்காரரிடம் நான்தான் கொடுத்தேன். பழைய செய்தித்தாள் கட்டு இரண்டையும் மேலே வைத்து மறைத்து, லிஃப்ட் வரை நானே தள்ளிக்கொண்டு போனேன். நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். சாயங்காலம் நீ அழுதபோது உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் நீ ஒரு தாளை எடுத்து ‘காணவில்லை. நீல நிறச் சைக்கிள். மணி அடிக்காது’ என்று எழுத ஆரம்பித்துவிட்டாய். ‘நிற’ என்பதற்குச் சின்ன ‘ர’ போட்டிருந்தாய். நான் திருத்திக் கொடுத்தேன். உலகத்தில் எந்தத் திருடியாவது தன்னைத் தேடும் அறிவிப்புக்குப் பிழை திருத்திக் கொடுத்திருப்பாளா? அந்த அறிவிப்பை நீ நான்கு புளோக்கு லிஃப்ட் வாசல்களில் ஒட்டினாய். உன் அப்பா இரண்டு வார விடுமுறை நாட்களை தோ பாயோவில் புளோக்குகளுக்குக் கீழே இருக்கும் வாய்ட் டெக் ஒவ்வொன்றாக நடந்து தீர்த்தார். அவருக்கு இன்றுவரை தெரியாது. தயவுசெய்து இந்தப் பத்தியை மட்டும் அவருக்குப் படித்துக் காட்டாதே. முட்டி வலிக்கும்போதெல்லாம் அந்த நடையைத்தான் காரணம் சொல்கிறார்.

பயந்து செய்தேன். அவ்வளவுதான் காரணம். இனி நீ விழக்கூடாது என்று நினைத்தேன். பத்து வயதோடு உனக்குச் சலித்துப் போயிருக்க வேண்டிய ஒன்றை நான் பாதியில் பிடுங்கியதால்தான், இருபத்தாறு வயதில் வந்த முதல் போனஸில் போய் ஒரு சைக்கிளை வாங்கிக்கொண்டு வந்தாய் என்று இப்போது நினைக்கிறேன். ஆக, உன் சைக்கிள் பைத்தியத்துக்கு மூல காரணம் நான்தான். இது எனக்குப் புரிவதற்கு ஒரு காட்டுப்பன்றி தேவைப்பட்டது. அதுதான் இரண்டாவது விஷயம்.

போன வருடம் நீ மைதிலியைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினாய். நல்ல பெண், சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்தாள், எல்லாம் சரி. ஆனால் அவளும் சைக்கிள்காரி என்று அப்புறம்தான் தெரிந்தது. சைக்கிள் ஓட்டாத பெண் ஒருத்தி வந்தால் உன்னை வீட்டில் உட்கார வைப்பாள் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். நீயோ துணைக்கு ஆள் சேர்த்துக்கொண்டு வந்து நின்றாய். அதோடு, கல்யாணம் முடிந்ததும் எல்லை தாண்டி ஜொகூரில் தொடங்கி செம்பனை எண்ணெய்த் தோட்டங்களுக்குள்ளேயே மூன்று வாரம் சைக்கிளில் போகிறோம், அதுதான் தேனிலவு என்றாய். என் அப்பா குளுவாங் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவர். அந்தச் சரளைக்கல் பாதையில் செருப்பில்லாமல் நடந்து நடந்து, போதுமடா சாமி என்று பஸ் ஏறி இந்த ஊருக்கு வந்தவர். அவர் ஓடிவந்த பாதைக்கு அவர் பேரன் லீவு போட்டுக்கொண்டு பெண்டாட்டியோடு திரும்பிப் போகிறான் என்பதை யாரிடம் சொல்லி அழுவது?

சம்பந்தியம்மாவிடம் சொன்னேன். அதுதான் நான் செய்த அடுத்த தப்பு. மைதிலியின் அம்மா ராஜேஸ்வரியைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் அப்போது அவரை நான் எப்படிப் பார்த்தேன் என்று சொல்கிறேன். கிளமெண்டியில் இருப்பவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம்; மூன்று தலைமுறை இங்கே இருந்தும் அந்தத் தமிழ் அவர் வாயில் அப்படியே இருக்கிறது. ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் முப்பது வருடம் கடிதம் தட்டச்சு செய்தவர். நிச்சயதார்த்த அழைப்பிதழை நான் எழுதி அனுப்பினேன். அன்று மாலையே பதினொரு திருத்தங்களோடு திரும்பி வந்தது. ஒற்று, கமா, ஒரு இடத்தில் ‘இந்த வாக்கியத்துக்கு எழுவாய் இல்லை’ என்று ஒரு குறிப்பு. அந்தக் கோபத்தில் போன் போட்டு, உங்கள் பெண்தான் என் பையனுக்கு இந்தப் பைத்தியத்தைப் பிடிக்க வைத்தாள் என்றேன். அவர் நிதானமாக, அது பிழை, உங்கள் மகன்தான் என் மகளைக் காட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனவர் என்றார். கடைசியில் யார் முதலில் போனை வைத்தது என்பதில் இன்றுவரை எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது.

உனக்குத் தெரியாதது இதற்குப் பிறகு நடந்தது. உங்கள் இரண்டு பேர் ஜாதகத்தையும் கோவிலில் பார்த்து, பொருந்துகிறது என்று சொல்லியாகிவிட்டது அல்லவா? நான் அந்த வாரமே சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கும் வேறொரு ஜோசியரிடம் போனேன். பொருந்துமா என்று நான் கேட்கவில்லை. பொருந்தாது என்று எழுதித் தருவீர்களா என்று கேட்காத குறையாகக் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, அரைமணி நேரம் கட்டம் போட்டு, பொருத்தம் இல்லை, நிறுத்திவிடுவது உத்தமம் என்று எழுதிக் கொடுத்தார். அதை ஒரு கவரில் போட்டுப் பீரோவில் வைத்தேன். சரியான நேரம் பார்த்து சம்பந்தியம்மாவின் கையில் கொடுப்பது என் திட்டம். உன்னிடம் கொடுக்கத் துணிவில்லை. அவராகவே நிறுத்திவிட்டால் நான் உன் பக்கம் நின்று வருத்தப்படலாம். நீ ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் வீட்டில் இருப்பாய், தோசை சாப்பிடுவாய். இவ்வளவு கேவலமாக ஒரு அம்மா யோசிப்பாளா என்று கேட்காதே. யோசித்தேன்.

அப்போதுதான் நீ அந்த யோசனையைச் சொன்னாய். இரண்டு அம்மாக்களும் ஒரு நாள் புலாவ் உபினுக்கு வாருங்கள், நாங்கள் எங்கே போகிறோம், என்ன செய்கிறோம் என்று நேரில் பாருங்கள், அப்புறம் திட்டுங்கள் என்றாய். நான் உடனே சரி என்றது உனக்கு ஆச்சரியமாக இருந்தது. கவரைக் கைமாற்ற ஒரு தீவு கிடைத்தது என்று எனக்குள் சந்தோஷம்.

அன்று காலை தேக்கா சந்தையில் பன்னிரண்டு உளுந்து வடை வாங்கி டப்பாவில் போட்டு, பையில் டப்பாவுக்கு அடியில் கவரை வைத்து, போனையும் அதே பையில் போட்டுக்கொண்டேன். சாங்கியில் படகு நிறையும்வரை காத்திருந்தபோது நானும் சம்பந்தியும் வெயில் அதிகம் என்பதில் மட்டும் ஒத்துப்போனோம். தீவில் இறங்கியதும் நீ வாடகைக் கடையில் இரண்டு பேர் ஓட்டும் சைக்கிள் இரண்டை எடுத்தாய். எனக்கு ஓட்டத் தெரியாது, அந்த அம்மா ஓட்டிப் பல காலம் என்பதால் நீ என்னையும் மைதிலி அவள் அம்மாவையும் பின்னால் வைத்து ஓட்டுவதாக ஏற்பாடு. என் கொண்டைக்கு மேல் அந்தத் தலைக்கவசம் உட்காரவில்லை. கொண்டையை அவிழ்த்துப் பின்னல் போட்டுக்கொண்டு, பஞ்சாபி சூட்டும் உன் அப்பாவின் கான்வாஸ் காலணியுமாக நான் ஏறி உட்கார்ந்த கோலத்தை நீ போட்டோ எடுத்து வைத்திருக்கிறாய். கல்யாணத்தில் திரையில் ஓட்டும் படங்களில் அது வந்தால் நான் எழுந்து போய்விடுவேன்.

ஒரு விஷயம் அன்று உன்னிடம் ஒப்புக்கொள்ளவில்லை. தார் முடிந்து சரளைக்கல் ஆரம்பித்ததும் என் எலும்புகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பேச ஆரம்பித்தன. அதை உரக்கவே சொன்னேன். ஆனால் கொஞ்ச தூரம் போனதும் டயருக்கு அடியில் பொரிகடலை மெல்லுகிற மாதிரி ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது. இரண்டு பக்கமும் மரம். ஒரு வண்டி இல்லை, ஒரு மாடிக் கட்டடம் இல்லை. உன் முதுகு மட்டும் எனக்கு முன்னால். நீ சின்னப் பையனாக இருந்தபோது உன் முதுகை நான் பார்த்ததே குளிப்பாட்டும்போதுதான். இவ்வளவு அகலமாகிவிட்டது என்று அன்றுதான் கவனித்தேன். நன்றாக இருந்தது, கதிர். நன்றாக இருக்கிறதே என்று எனக்கு எரிச்சலாகவும் இருந்தது.

அப்புறம் மைதிலி ஓட்டிய சைக்கிளின் சங்கிலி அறுந்தது. உன்னிடம் உலகத்துக் கருவியெல்லாம் உண்டு, அன்று அத்தனையும் வீட்டில். மேட்டில் இருந்த ஒரு கூரைப் பந்தலில் எங்களை உட்கார வைத்து, நாம் இருவரும் வந்த சைக்கிளையும் சாய்த்து வைத்துவிட்டு, “மா, இங்கேயே இருங்க, எங்கேயும் போகாதீங்க” என்று சொல்லி, நீங்கள் இருவரும் அறுந்ததைத் தள்ளிக்கொண்டு கடைக்குப் போனீர்கள். ஒரு சைக்கிளைத் தள்ள இரண்டு பேர் எதற்கு என்று நான் கேட்கவில்லை. எனக்கும் தனிமைதான் தேவைப்பட்டது.

பெஞ்சின் இந்த முனையில் நான், அந்த முனையில் சம்பந்தி, நடுவில் இரண்டு தலைக்கவசம். கெட்ட செய்தி சொல்லுமுன் ஆளை உட்கார வைத்து ஏதாவது கொடுப்பது கிளினிக்கில் எனக்குப் பழகிய வழி. அதனால் முதலில் வடை டப்பாவை எடுத்து நீட்டினேன். அவர் ஒன்றை எடுத்து, முனையைக் கிள்ளி வாயில் போட்டு, நன்றாக இருக்கிறது என்றார். மிளகு கொஞ்சம் தூக்கல் என்றும் சொன்னார். திருத்தம் பன்னிரண்டு என்று எண்ணிக்கொண்டு நான் பைக்குள் கையைவிட்டேன். விரல் கவரைத் தொட்டது. அப்போது அவர் குரலைத் தாழ்த்தி, “அசையாதேங்கோ” என்றார்.

திரும்பிப் பார்த்தேன். கட்டில் அளவில் ஒரு பெண் காட்டுப்பன்றி, பின்னால் கோடுபோட்ட குட்டிகள் நான்கு. அது எங்களைப் பார்க்கவில்லை, டப்பாவைப் பார்த்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? போய்விடும் என்று ஒரு வடையைத் தூக்கிப் போட்டேன். அதைச் சாப்பிட்டுவிட்டு அது போகவில்லை, பக்கத்தில் வந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து பெஞ்சுக்குப் பின்னால் போனோம். அது டப்பாவைத் தட்டிவிட்டு, பையின் வாரைப் பல்லில் கவ்வி இழுத்துக்கொண்டு புதருக்குள் நடந்தது. அவசரமே இல்லை அதற்கு, தேக்காவில் கறிகாய் வாங்கிக்கொண்டு போகிற மாதிரி போனது. “ஐயோ, என் கவர்” என்று நான் கத்திவிட்டேன்.

குட்டிகள் வடைக்குச் சண்டை போட்டுக்கொண்டு எங்கள் காலடிக்கே வந்துவிட்டன. குட்டியைத் தேடித் தாய் திரும்பி வந்தால் நாங்கள் என்ன ஆவது? ராஜேஸ்வரி அம்மா போய் அந்தச் சைக்கிளை நிமிர்த்தி முன்னால் ஏறி உட்கார்ந்து, “ஏறுங்கோ” என்றார். ஓட்டத் தெரியுமா என்று கேட்டேன். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஓட்டியதாகச் சொன்னார். எந்த வருடம் என்று கேட்க நேரமில்லை. ஏறினேன். பின்னால் உட்காருபவருக்கு பிரேக் கிடையாது என்பதையும், பின்னால் இருக்கிற கைப்பிடி திரும்பாது என்பதையும் அந்தச் சரிவில்தான் கண்டுபிடித்தேன். சரளைக்கல் கீழே உருள, நாங்கள் அதன் மேல் உருள, பாதி வழியில் அவர் முன்னாலிருந்து, இதில் பிரேக் எது என்று என்னைக் கேட்டார். நான் தெரிந்த சாமி பெயரையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதை வளைந்தது, நாங்கள் வளையவில்லை. ஆள் உயர லாலாங் புல்லுக்குள் நேராகப் போய், மெத்தையில் விழுகிற மாதிரி விழுந்தோம்.

யாருக்கும் ஒன்றுமில்லை. என் முழங்கையில் ஒரு சிராய்ப்பு, அவருடைய மூக்குக்கண்ணாடி என் மடியில். அதைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அவர் என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி: “பையில போன் போச்சுது, அதுக்குக் கத்தேல்லை. கவருக்குக் கத்தினனீங்கள். அந்தக் கவரில என்ன?”

கரண்ட் பில் என்றேன். முப்பது வருடம் வழக்கறிஞர்களோடு இருந்தவரிடம் அது எடுபடவில்லை. நான் சொல்லிவிட்டேன். ஜோசியர், கவர், என் திட்டம், ஞாயிற்றுக்கிழமைத் தோசை, எல்லாம். இனி எழுந்து போய்விடுவார், கல்யாணம் நின்றுவிடும், நான் கேட்டது நடந்துவிட்டது என்று நினைத்தேன். நான் ஆசைப்பட்டது கைக்கு வரும்போது அது எனக்கு வேண்டாம் என்று தெரிந்தது. அவர் என் தலையிலிருந்து ஒரு புல்லை எடுத்துப் போட்டார்.

“நான் சாதகத்தை மூண்டு பேரிட்டக் காட்டினனான்” என்றார். “ரெண்டு பேர் வேண்டாம் எண்டிட்டினம்.”

“அப்புறம்?”

“மூண்டாவது ஆள் ஓம் எண்டார். அதோட நிப்பாட்டிட்டன்.”

நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கு நினைவில்லை. ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். அப்போது அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன், ஏனென்றால் இதை அவர் உன்னிடம் ஒருநாளும் சொல்ல மாட்டார். “இவளின்ர அப்பா போனாப் பிறகு ரெண்டு வருஷம் என்ர பிள்ளை ஒழுங்காச் சாப்பிடேல்லை. ஒரு நாள் சேறும் மண்ணுமா வந்து நிண்டு, அம்மா இன்னும் கொஞ்சம் சோறு போடுங்கோ எண்டவள். எங்க போனனீ எண்டு கேட்டன். சைக்கிள் ஓடப் போனன், எல்லாருக்கும் கடைசியாத்தான் வந்தன், ஒவ்வொரு மேட்டு உச்சியிலயும் ஒரு ஆள் மட்டும் ஒண்டும் பேசாமல் எனக்காக நிண்டது எண்டவள்.” பிறகு, “அந்த ஆளுக்கு எந்தச் சாத்திரி என்ன சொன்னால் எனக்கென்ன?” என்றார்.

கதிர், உன்னை முப்பத்தொரு வருடமாகத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீ மேட்டு உச்சியில் நின்று காத்திருக்கிறவன் என்று லாலாங் புல்லுக்குள் உட்கார்ந்து வேறொரு அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. நீ ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டைவிட்டு எங்கே போகிறாய் என்று கேட்டேனே தவிர, அங்கே போய் எப்படி இருக்கிறாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை. பதிலுக்கு அவரிடம் சொல்ல என்னிடம் இருந்தது அந்த நீலச் சைக்கிள் கதைதான். சொன்னேன். அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, அதை உன்னிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்றார். இந்தக் கடிதத்துக்கு அவர்தான் காரணம். ஆனால் படித்துப் பார்க்க அவரிடம் கொடுக்க மாட்டேன். எழுவாய் தேடுவார்.

மேட்டுக்குத் திரும்பினால் பன்றி. அதனால் கீழ்நோக்கியே போனோம், பாதி தள்ளி, பாதி ஓட்டி. பழைய கல்குவாரியில் தேங்கிய நீர் ஒன்று பச்சையாகக் கண்ணில் பட்டது, அங்கே நின்று பார்த்தோம். வழி இரண்டாகப் பிரியும் இடத்திலெல்லாம் தவறானதை எடுத்தோம். மலாய் மக்சிக், வயதான அம்மா ஒருவர், தன் வீட்டு வாசலில் நின்று, “ஜெத்தி? தெருஸ், தெருஸ்” என்று தாடையால் காட்டினார். படகுத்துறைக்கா, நேராகப் போ என்கிறார் என்று நான் மொழிபெயர்த்தேன். நேராகப் போகும் திறமைதான் எங்கள் இருவருக்கும் இல்லை. எப்படியோ படகுத்துறைக்கு வந்து ஆளுக்கு ஒரு இளநீர் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம்.

உன் பக்கத்தில் நடந்ததை மைதிலி பிறகு சொன்னாள். நீங்கள் வேறு சைக்கிளோடு வந்து பார்த்தால் பந்தல் காலி, தரையில் மிதிபட்ட டப்பா. என் நம்பருக்கு அடித்தாய். புதருக்குள்ளிருந்து மணி ஒலித்தது. நீ ‘அம்மா’ என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடினாயாம். கிழிந்த பை மட்டும் கிடந்ததாம். துறைக்கு வந்து நாங்கள் இளநீர் குடிப்பதைப் பார்த்தபோது உன் முகம் இருந்த இருப்பை நான் மறக்கவே மாட்டேன். “எங்கேயும் போகாதீங்கன்னு சொன்னேனா இல்லையா?” என்று எல்லோர் முன்னாலும் என்னைத் திட்டினாய். கார்ப்பார்க் சரிவில் உன்னைத் தூக்கிக்கொண்டு நான் திட்டிய அதே வார்த்தை. பயந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் திட்டுகிறோம் போலிருக்கிறது. போனை என் கையில் கொடுத்தாய். பையில் வேறு ஏதாவது இருந்ததா என்று மெதுவாகக் கேட்டேன். “ஒண்ணும் இல்லமா. பன்றி தின்னிருக்கும்” என்றாய்.

எனக்குப் போன உயிர் வந்தது. அடுத்த சனிக்கிழமையே பெருமாள் கோவிலுக்குப் போய் அர்ச்சனை செய்தேன். வராகமாக வந்து பூமியைக் காப்பாற்றியவர், இன்னொரு முறை வந்து என்னைக் காப்பாற்றினார் என்று மனதாரக் கும்பிட்டேன். நிச்சயதார்த்தம் நடந்தது. அழைப்பிதழைக் கடைசியில் அவரே எழுதினார், நான் ஒரு பிழை கண்டுபிடித்தேன்.

நேற்று உன் அறையைக் காலி செய்தேன். உன் கருவிப் பெட்டியைத் தூக்கும்போது மூடி திறந்துகொண்டது. அடியில், ஒரு பிளாஸ்டிக் உறைக்குள், நீவி மடித்து வைத்த தாள். ஓரத்தில் பல் பதிந்த அடையாளம், நடுவில் எண்ணெய்க் கறை. ‘நிறுத்திவிடுவது உத்தமம்’ என்ற வரி மட்டும் தெளிவாக இருந்தது. உன் கட்டில் மேல் உட்கார்ந்துவிட்டேன். எட்டு மாதம். இந்த எட்டு மாதமும் நீ இதைத் தெரிந்துகொண்டே என்னைச் சேலை எடுக்கக் கூட்டிக்கொண்டு போனாய், நான் போட்ட தோசையைச் சாப்பிட்டாய், பெருமாள் கோவில் வாசல்வரை காரில் கொண்டுபோய் விட்டாய். ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் மேலே ஏறி வருகிறேனா என்று உச்சியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். என்னை மன்னித்துவிடு, கதிர். நீ ஏற்கெனவே மன்னித்துவிட்டாய் என்று தெரிந்தும் கேட்கிறேன், கேட்க வேண்டியது என் கடமை.

ஒரே ஒரு புத்திமதி சொல்லிக்கொள்கிறேன். உன் அப்பா தேக்காவில் என்றைக்கும் எனக்குப் பத்து அடி முன்னால் நடப்பவர். திரும்பிப் பார்க்காமல் போய், முனையில் நின்று, நான் மூச்சு வாங்க வந்து சேர்ந்ததும் “போலாமா” என்று கிளம்பிவிடுவார். காத்திருந்தவருக்கு ஓய்வு கிடைத்துவிட்டது, வந்து சேர்ந்தவளுக்கு இல்லை. நீ உச்சியில் நிற்கிறாய், அது பெரிய குணம். அவள் வந்த பிறகும் கொஞ்சம் நில். அவள் தண்ணீர் குடிக்கட்டும். அவளாகக் கிளம்பலாம் என்று சொல்லட்டும். சைக்கிளுக்கு மட்டும் இதைச் சொல்லவில்லை.

இதுவரை எழுதிவிட்டு, மைதிலிக்குத் தெரியாமல் இதை வைத்துக்கொள்வது சரியில்லை என்று அவளுக்குப் போன் போட்டேன். ஒருவழியாகச் சொல்லி முடித்ததும் அவள், “தெரியும் ஆன்ட்டி. அன்னிக்குப் படகுலயே கதிர் காட்டினார்” என்றாள். படகில் பின்னால் நீங்கள் இருவரும் தலையோடு தலை வைத்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, எவ்வளவு அன்பு என்று நான் நெகிழ்ந்திருந்தேன். ஒரு வாரம் என் மேல் கோபமாக இருந்ததாகவும், அப்புறம் அவள் அம்மா லாலாங்கில் நடந்ததைச் சொன்னதாகவும் சொன்னாள். பின்னே தாளை ஏன் கிழித்துப் போடவில்லை என்று கேட்டேன். “நான்தான் வெச்சிருக்கச் சொன்னேன். நாளைக்கு நீங்களும் நானும் சண்டை போட்டா எவிடென்ஸ் வேணும்லா” என்றாள். இந்தக் குடும்பத்தோடு கோர்ட்டுக்குப் போனால் நான்தான் தோற்பேன்.

அப்புறம் ஒன்று கேட்டாள். ஜொகூரில் முதல் நாள் மட்டும் நீங்களும் வாருங்கள் ஆன்ட்டி, குளுவாங் வரை வண்டியில் வந்து, கடைசிக் கொஞ்ச தூரம் எங்களோடு ஓட்டுங்கள், உங்கள் அப்பா பிறந்த இடத்தைக் காட்டுங்கள், என் அம்மாவும் வருகிறேன் என்கிறார் என்றாள். வாய் வரை ‘சரி’ வந்துவிட்டது. உன் சின்ன வயதிலிருந்து நீ போகும் இடத்துக்கெல்லாம் ஒரு தண்ணீர் பாட்டிலோடு பின்னால் வந்தவள் நான். அழைக்காமலே வந்தவளை வரப்போகிற மருமகளே அழைக்கிறாள். ஆனால் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவள் அம்மாவையும் நானே இங்கே பிடித்து வைத்துக்கொள்கிறேன், சனிக்கிழமைகளில் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைக்குச் சைக்கிள் ஓட்டக் கூட்டிக்கொண்டு போகிறேன், அங்கே தரை சமமாக இருக்கிறது என்றேன். தேனிலவுக்கு வரமாட்டேன் என்று மனதாரச் சொன்ன மாமியார் ஒருத்தி இருந்தாள் என்று எங்காவது எழுதி வை.

நீங்கள் இரண்டு பேரும் போங்கள். எந்தப் பாதையில் வேண்டுமானாலும் போங்கள். போய்ச் சேர்ந்ததும் ஒரு செய்தி போடு. தினமும் வேண்டாம், ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். மேடு ஏறுகிற நாட்களில் மட்டும் தினமும். மழை பெய்தால் இரண்டு தடவை. லாரி வரும் பாதை என்றால் கூப்பிட்டே பேசு.

அம்மா